வாம்-4 இன்ஜின் ஓய்வு: வட ஆற்காட்டு ரயில் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் எந்த ஸ்டேஷனில் கேமராவோடு நின்றாலும் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். முதலில் "பேப்பர்ல வருமா?" என்பார்கள். அதைத் தாண்டினால், முன்னெல்லாம் வந்த அந்தப் பழைய கரண்ட் இன்ஜின் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் பழைய வழக்கப்படி வட ஆற்காடு என்றே எழுதுகிறேன். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், தண்டவாளத்தைப் பிரிக்கவில்லை.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்?

வாம்-4. மேற்கு வங்கத்தில் உள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1970-களின் தொடக்கத்தில் இருந்து 1983 வரை கட்டிய மின்சார இன்ஜின். ஏறத்தாழ 500 வண்டிகள் வந்தன. 3,640 குதிரைத் திறன், சுமார் 113 டன் எடை, ஆறு அச்சு. பெட்டி மாதிரி சதுர உடம்பு, இரண்டு பக்கமும் கேபின், பக்கவாட்டில் காற்று போக வரிசையாகச் சட்டங்கள், நெற்றிக்கு மேலே ஒற்றை ஹெட்லைட். அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1980, 90-களில் சென்னையில் இருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்தவர்களில் பெரும்பாலோரை இழுத்து வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

பெயரில் உள்ள எழுத்துகளுக்கு என்ன கணக்கு?

'டபிள்யூ' என்றால் அகலப் பாதை. 'ஏ' என்றால் மாறுதிசை மின்சாரம். 'எம்' வந்தால் பயணிகள் ரயில், சரக்கு ரயில் இரண்டுக்கும் ஆகும். 'பி' பயணிகளுக்கு, 'ஜி' கூட்ஸுக்கு. கடைசி எண் அந்த வரிசையில் எத்தனையாவது வகை என்பது. சேர்த்துப் படித்தால் வாம், வாப், வாக். இதைத் தெரிந்துகொண்டால் பிளாட்பாரத்தில் நடக்கும் பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

இந்தியாவிலேயே வடிவமைத்ததா, வெளிநாட்டுச் சரக்கா?

இரண்டும் கலந்தது. முதல் மாறுதிசை மின்சார இன்ஜினான வாம்-1 ஐரோப்பாவில் இருந்து 1959-60 வாக்கில் இறங்கியது. அடுத்து வாம்-2 ஜப்பானில் இருந்து வந்தது. இரண்டுக்கும் நான்கு அச்சுதான். கனமான ரயிலை இழுக்கத் திணறின. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் டீசல் இன்ஜினுக்கு உரிய மூன்றச்சு போகியை, அதாவது சக்கரமும் அச்சும் பொருத்திய அடிச்சட்டத்தை, கீழே பொருத்தி, மேலே மின்சார உடம்பைக் கட்டினார்கள். அதுதான் வாம்-4.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. இந்திய ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி இன்ஜின் 1972-இல் இதே சித்தரஞ்சனில் இருந்துதான் வெளியே வந்தது. ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் பாய்லர் வேலை முடிந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் வாம்-4 எழும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது புதுசு. கரி இன்ஜினை ஒழிக்க வந்த வண்டி என்று அதையும் யாராவது முறைத்துப் பார்த்திருப்பார்கள்.

வட ஆற்காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மின்சார இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் அரக்கோணம் லோகோ ஷெட். தெற்கு ரயில்வேயில் வாம்-4 என்றாலே பக்கவாட்டில் எழுதியிருக்கும் அரக்கோணம் என்ற பெயரும் 'ஏஜேஜே' என்ற குறியீடும்தான் ரசிகர்களுக்கு ஞாபகம் வரும். சென்னையில் இருந்து மேற்கே போகும் தடம் 1980-களில் படிப்படியாக மின்மயமானது. கம்பி முதலில் அரக்கோணம், பிறகு காட்பாடி, பிறகு ஜோலார்பேட்டை என்று வந்தது. பெங்களூருக்கும் ஈரோட்டுக்கும் நீண்டது அதற்குப் பின்னால்தான். இடைப்பட்ட காலத்தில் ஜோலார்பேட்டையில் கரண்ட் இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். பெட்டியில் இருப்பவர்களுக்கு அது டீ குடிக்கும் நேரம். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு இன்ஜின்களை அருகருகே பார்க்கும் நேரம்.

இந்தத் தடத்தின் வயதையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோட்டுக்கு வந்தது. அன்றைக்கு அந்த ஸ்டேஷனின் பெயர் ஆற்காடு. ஜோலார்பேட்டையில் பிரிந்து பெங்களூர் போகும் கிளை 1864-இல் திறந்தது. இன்று வாலாஜா ரோட்டில் இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

உள்ளே அது எப்படி வேலை செய்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கம் கஷ்டம், இருந்தாலும் முயல்கிறேன். கூரையில் இருக்கும் பாண்டோகிராஃப், அதாவது கம்பியைத் தொடும் கொம்பு, 25,000 வோல்ட்டை உள்ளே கொண்டுவருகிறது. அது டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. அங்கே வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க 'டேப் சேஞ்சர்' என்ற கருவி இருக்கிறது. நம் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டரின் பிரம்மாண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32 படிகள். டிரைவர் ஒவ்வொரு நாட்ச்சாக ஏற்ற ஏற்ற, காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு சிறு மோட்டார் உள்ளே அந்தப் படிகளை மாற்றும். பிளாட்பாரத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த 'டக், டக்' கேட்கும்; அடுத்த நொடி இன்ஜின் லேசாக முன்னால் உந்தும்.

டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வரும் மின்சாரத்தை சிலிக்கன் ரெக்டிஃபையர்கள் நேர்திசையாக மாற்றி, அச்சுகளில் தொங்கும் ஆறு மோட்டார்களுக்குக் கொடுக்கும். இந்த ஆறு மோட்டார்களை எப்படி இணைக்கிறார்கள் என்பதை வைத்தே வாம்-4-க்குள் பல உபவகைகள் இருந்தன. ஆறையும் தனித்தனி இணையாக இணைத்தது ஒன்று. இரண்டிரண்டாகத் தொடராகக் கோத்து மூன்று வரிசையாக விட்டது இன்னொன்று. இன்ஜினின் பக்கவாட்டில் வகைப் பெயருக்குப் பின்னால் '6பி' என்றோ '2எஸ் 3பி' என்றோ பொடி எழுத்தில் இருந்தது இதைத்தான் சொன்னது. பழைய போட்டோ ஏதாவது இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

மோட்டார்களையும் டிரான்ஸ்ஃபார்மரையும் குளிர்விக்க ஊதிகள் வேண்டும். பிரேக்குக்கு கம்ப்ரஸர் வேண்டும். அவற்றுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் தேவை. கம்பியில் வருவதோ ஒற்றை ஃபேஸ். நடுவில் 'ஆர்னோ' என்ற சுழலும் இயந்திரம் நின்று ஒன்றை மூன்றாக்கித் தந்தது. இன்ஜின் சும்மா நிற்கும்போதும் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்த அந்தத் தாழ்ந்த ரீங்காரத்தில் ஆர்னோவின் பங்கு பெரியது. பிற்காலத்தில் பல வண்டிகளில் அதை எடுத்துவிட்டு, சுழலாத மின்னணு கன்வெர்ட்டரை வைத்தார்கள்.

திடீரென்று 'டமால்' என்று ஒரு சத்தம் வருமே, அது என்ன?

கூரையில் இருந்த மெயின் சர்க்யூட் பிரேக்கர். ரயில்வேக்காரர்கள் 'டிஜே' என்பார்கள். அந்தக் காலத்து டிஜே அழுத்திய காற்றைப் பீய்ச்சி மின்பொறியை அணைக்கும் வகை. அதைத் திறக்கும்போதெல்லாம் வெடிச் சத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் குழந்தை அழுதுவிடும். இப்போதைய இன்ஜின்களில் வெற்றிட வகை பிரேக்கர் இருப்பதால் அவ்வளவு சத்தம் இல்லை.

தடத்தில் ஓடும்போது இந்தச் சத்தம் எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மேலே கம்பிக்கு மின்சாரம் வெவ்வேறு துணை மின்நிலையங்களில் இருந்து வெவ்வேறு ஃபேஸில் வருகிறது. இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத ஒரு சின்ன இடைவெளியை விட்டிருப்பார்கள். அதற்கு நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். 500 மீட்டரில் ஒன்று, 250 மீட்டரில் ஒன்று என எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அடுத்து டிஜேயைத் திற என்ற பலகை. வாம்-4 டிரைவர் நாட்ச்சை இறக்கி டிஜேயைத் திறப்பார். டமால். இன்ஜின் சில நொடி தன் வேகத்திலேயே உருளும். மூடு என்ற பலகை வந்ததும் மறுபடி எல்லாம் உயிர் பெறும்.

நியூட்ரல் செக்‌ஷனை இன்றைய பயணிகளும் வேறு விதமாக உணர முடியும். இன்ஜினில் இருந்தே பெட்டிகளுக்கு மின்சாரம் எடுக்கும் ரயில்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏசி சில நொடி அடங்கி மறுபடி வந்தால், நீங்கள் அப்படி ஓர் இடத்தைக் கடந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? ஏன் நிறுத்தினார்கள்?

முதல் காரணம் வயசு. மின்சார இன்ஜினுக்கு ரயில்வே விதித்திருக்கும் ஆயுள் 35 ஆண்டு. 1983-இல் கட்டிய கடைசி வாம்-4 கூட 2018-இல் அதைத் தொட்டுவிட்டது. அதற்கு மேலும் ஓடியவை இருந்தன என்றால் அது பராமரித்தவர்களின் கைங்கர்யம்.

இரண்டாவது, பலம். எண்ணைப் பாருங்கள். வாம்-4-க்கு 3,640 குதிரைத் திறன். வாப்-4-க்கு 5,000-க்கும் மேல். வாப்-7-க்கு 6,000-க்கும் மேல். 24 பெட்டி வண்டியை ஒற்றை வாம்-4 இழுத்தால், ஸ்டேஷனை விட்டு வேகம் பிடிக்கவே வெகு நேரம் ஆகும். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் அதற்குக் காத்திருக்க வேண்டும். சென்னை–ஜோலார்பேட்டை மாதிரி நெருக்கடியான தடத்தில் அது கட்டுப்படியாகாது.

மூன்றாவது, அந்த ஆல்கோ போகி. டீசலுக்கு நன்றாக உழைத்த அதே போகி, வேகம் கூடும்போது தண்டவாளத்தை அடித்தது. அதனால்தான் 1980-இல் ஹவுரா ராஜதானிக்காக வாப்-1 செய்தபோது, ஏறக்குறைய வாம்-4-இன் மின்சாதனங்களையே வைத்துக்கொண்டு கீழே போகியை மட்டும் வேறு வகைக்கு மாற்றினார்கள்.

நான்காவதுதான் உண்மையில் இதன் கதையை முடித்தது: ஊதிகளுக்கு மட்டும் இல்லாமல், சக்கரத்தைச் சுற்றும் மோட்டார்களுக்கே மூன்று ஃபேஸ் மின்சாரம் கொடுக்கும் தொழில்நுட்பம். 1990-களில் ஏபிபி நிறுவனத்திடம் இருந்து அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். வாப்-5, வாக்-9, அப்புறம் 2000-இல் வாப்-7 என்று வரிசையாக வந்தன. இவற்றில் டேப் சேஞ்சர் கிடையாது, படி மாறும் சத்தம் கிடையாது, மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். வாம்-4-இலும் மின்பிரேக் பொருத்திய வண்டிகள் உண்டு; ஆனால் அந்த சக்தி முழுவதையும் கூரையில் இருந்த ரெசிஸ்டர்கள் வெப்பமாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். போதாக்குறைக்கு, வாப்-7 பெட்டிகளின் விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் தானே மின்சாரம் கொடுக்கும். ரயிலின் இரண்டு முனைகளிலும் உறுமிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டர் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சித்தரஞ்சன் தன் பழைய பாணி இன்ஜின்களைக் கட்டுவதை 2015 வாக்கில் அடியோடு நிறுத்திவிட்டது. உதிரிபாகம் கிடைப்பது குறைய, மீதியிருந்தவற்றின் கதி தெரிந்துவிட்டது.

கடைசி வாம்-4 எப்போது ஓடியது? வழியனுப்பு விழா நடந்ததா?

ஒரு இன்ஜின் வகை ஓய்வு பெறுவது என்றால் மாலை போட்டு, பேண்டு வாசித்து, ரயில்வே ஜெனரல் மேனேஜர் கொடியசைக்கும் ஒரு நாள் என்று பலர் நினைக்கிறார்கள். நீராவிக்கு அப்படிச் சில விழாக்கள் நடந்தன. வாம்-4 போன்ற வேலைக்கார இன்ஜினுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

முதலில் எக்ஸ்பிரஸ் ரயில்களில் இருந்து இறக்குவார்கள். பாசஞ்சருக்கு வரும். பிறகு காலிப் பெட்டிகளை யார்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இழுக்கும் வேலை, ஷண்டிங் வேலை. ஒவ்வொன்றாகப் பெரிய பழுது வரும். செலவு செய்து சரிபார்க்க வேண்டாம் என்று முடிவாகும். ஷெட்டின் ஓரத் தடத்தில் நிற்கும். இப்படியே 2010-களின் பிற்பகுதியில் எண்ணிக்கை கரைந்துகொண்டே வந்து, 2020-களின் தொடக்கத்தில் தடத்தில் பார்க்க முடியாமல் போயிற்று. நீங்கள் கடைசியாக ஒரு வாம்-4-ஐப் பார்த்த அன்று, அதுதான் கடைசி என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது, அதை ஓட்டியவருக்கும் தெரிந்திருக்காது.

இதனால்தான் 'ஓய்வு பெறப் போகிறது, போய்ப் படம் எடுப்போம்' என்று காத்திருக்கும் ரசிகர்களிடம் எனக்குச் சின்னக் கோபம் உண்டு. அறிவிப்பு வராது. சர்வசாதாரணமாக வந்துபோய்க்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். காட்பாடியில் நிற்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் வந்தே பாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். அதைத்தான் ஊரே எடுக்கிறதே!

ஓய்வு பெற்ற இன்ஜினை என்ன செய்வார்கள்?

'கண்டம்' பண்ணுவார்கள். ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் புழங்கும் சொல் அதுதான்: "இந்த வண்டி கண்டம் ஆயிடுச்சு." ஆயுள் முடிந்ததா, பழுதுபார்ப்பது கட்டுப்படியாகுமா என்று பார்த்து, கணக்கில் இருந்து எடுத்துவிடுவார்கள். பயன்படும் பாகங்களைக் கழற்றி மற்ற இன்ஜின்களுக்கு வைத்துக்கொள்வார்கள். வாம்-4-இன் பல பாகங்கள் வாக்-5-க்கும் பொருந்தும் என்பதால் இந்த உறுப்பு தானம் நன்றாகவே நடந்தது. மிச்ச உடம்பு இணையவழி ஏலத்தில் ஸ்கிராப்பாகப் போகும். எடுத்தவர் கேஸ் கட்டரோடு வந்து துண்டு போடுவார். ஷெட் ஓரத்தில் கொம்பு இல்லாமல், கண்ணாடி இல்லாமல், எண் மட்டும் அரைகுறையாகத் தெரிய ஒரு இன்ஜின் நிற்பதைப் பார்த்தால் அது அந்த வரிசையில் நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏலத்தில் நான் ஒன்றை வாங்கலாமா?

பதிவு செய்த ஏலதாரராக இருந்தால் இரும்பாக வாங்கலாம். 100 டன்னுக்கு மேற்பட்ட பொருளைத் தூக்க கிரேன், ஏற்ற டிரெய்லர், வைக்க நிலம். வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றையாவது காட்பாடியிலோ அரக்கோணத்திலோ நிறுத்தி வைக்கக் கூடாதா?

வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சென்னை வில்லிவாக்கத்தில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் 2002-இல் இருந்து ரயில் மியூசியம் இருக்கிறது. திருச்சி பொன்மலையிலும் உண்டு. ஆனால் எங்கேயும் நீராவி இன்ஜினுக்குத்தான் முதல் மரியாதை. சக்கரம், தடி, புகைபோக்கி என்று வேலை எல்லாம் வெளியே தெரிவதால் பார்க்கிறவர்களுக்கு அதில் சுவாரசியம் இருக்கிறது. மின்சார இன்ஜின் வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெட்டி. ஆகவே நிறுத்தி வைப்பதோடு விடாமல், ஒரு பக்கச் சுவரைக் கண்ணாடியாக்கி டேப் சேஞ்சரையும் ரெக்டிஃபையரையும் காட்டினால்தான் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். காட்பாடியைச் சுற்றி இருக்கும் இன்ஜினீயரிங் காலேஜ்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்து எது போகும்?

வாக்-5-உம் வாப்-4-உம். இரண்டுமே வாம்-4-இன் வாரிசுகள். வாக்-5 என்பது கூட்ஸுக்காக 1980-களில் இருந்து கட்டியது. 3,850 குதிரைத் திறன், ஆயிரத்துக்கும் மேல் வந்தன. வாப்-4, வாப்-1-இன் அண்ணன் மாதிரி வலுவாக 1990-களில் வந்தது. டேப் சேஞ்சர், நேர்திசை மோட்டார், பெரும்பாலும் அதே முகவெட்டு எல்லாம் இவற்றிலும் உண்டு. ஈரோடு ஷெட்டின் வாப்-4 என்றால் ஒரு காலத்தில் இந்தத் தடத்தின் ராஜா. இப்போது மூன்று ஃபேஸ் இன்ஜின்கள் வர வர, வாம்-4 இறங்கிய அதே படிக்கட்டில் இவை இறங்கிக்கொண்டிருக்கின்றன. டேப் சேஞ்சர் சத்தத்தை உங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றால், ஒரு வாப்-4 கிளம்பும்போது கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்துங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

தூரத்தில் வரும்போதே எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

எண்ணை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். வாம்-4-கள் 20400 முதல் 20699 வரையும், 21200 முதல் 21399 வரையும் இருந்தன. 22 அல்லது 25-இல் தொடங்கினால் பெரும்பாலும் வாப்-4. 23, 24 என்றால் பெரும்பாலும் வாக்-5. 30-இல் தொடங்கும் வெள்ளை வண்டி பெரும்பாலும் வாப்-7. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஷெட்டும் தன் இஷ்டத்துக்கு வர்ணம் பூசும்.

வட ஆற்காட்டில் நின்று பார்க்க நல்ல இடங்கள் எவை?

காட்பாடி ஜங்ஷன் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் இருந்து 130 கிலோமீட்டர், ஏறக்குறைய எல்லா வண்டியும் நிற்கும், சுற்றிலும் பாறைக் குன்று. ஆனால் கூட்டம் அதிகம், பிளாட்பாரக் கூரை வெளிச்சத்தை மறைக்கும். கூரை முடியும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

எனக்கு அதைவிட லத்தேரி, வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் போன்ற சின்ன ஸ்டேஷன்கள் பிடிக்கும். எக்ஸ்பிரஸ் நிற்காமல் முழு வேகத்தில் போகும். பிளாட்பாரத்தில் நீங்களும் இரண்டு ஆடும்தான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் பின்னணியில் மலை கிடைக்கும். ஜோலார்பேட்டையில் ஏலகிரி மலை பின்னால் நிற்க, பெங்களூர் தடமும் சேலம் தடமும் பிரிவதைப் பார்க்கலாம். கிழக்கே வந்தால் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவில் பொன்னை ஆற்றுப் பாலம். 2021 டிசம்பரில் வெள்ளத்தால் அந்தப் பாலத்தில் பிரச்சினையாகி ரயில்கள் ரத்தானது ஞாபகம் இருக்கலாம். மகேந்திரவாடியில் இறங்கினால் ரயிலோடு சேர்த்து மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தத் தடம் கிழக்கு மேற்காகப் போகிறது. காலையில் சென்னையை நோக்கிப் போகும் வண்டியின் முகத்தில்தான் வெயில் விழும்; சென்னையில் இருந்து வருவது கறுப்பாக வரும். மாலையில் நேர்மாறு. ஜோலார்பேட்டை போகும் வண்டியை எடுங்கள்.

படம் எடுக்க அனுமதி வேண்டுமா?

10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். சொந்த ஆசைக்கு போனிலோ சின்னக் கேமராவிலோ எடுப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்பிஎஃப் காரர் வந்து கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பையில் வைத்துவிடுங்கள், சட்டம் பேசாதீர்கள். சினிமா, விளம்பரம் என்றால் முன்அனுமதியும் கட்டணமும் உண்டு. லோகோ ஷெட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. டிரோன் நினைப்பே வேண்டாம்.

தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், மேலே 25,000 வோல்ட். கம்பியைத் தொட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே பாயும். நின்றிருக்கும் கூட்ஸ் வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போய் கருகியவர்களின் செய்தி வருடா வருடம் வருகிறது.

டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கலாமா?

வண்டி நின்று, அவர் ஓய்வாக இருந்தால் மட்டும். "சார், இது எந்த ஷெட் வண்டி?" என்று ஆரம்பித்தால் போதும். விருப்பம் இருந்தால் அவரே மேலே சொல்வார். சிக்னல் விழுந்துவிட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

இரும்புக்கு இவ்வளவு வருத்தமா? கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?

வெளியே நின்று ரசிப்பவருக்கு இருக்கும் பாசம், உள்ளே உட்கார்ந்து ஓட்டியவருக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் இரும்புக் கேபினுக்குள், முதுகுக்குப் பின்னால் ஊதிகள் கத்திக்கொண்டிருக்க, காட்பாடியில் இருந்து ஜோலார்பேட்டைக்கு கூட்ஸ் ஓட்டியவரிடம் போய் 'அந்த இன்ஜின் எவ்வளவு அருமை' என்று சொன்னால் சிரிப்பார். புது இன்ஜின்களில் ஏசி வருகிறது. அது நல்லதுதான். வாம்-4 போனது சரிதான் என்பதும், அதன் பதிவு நம்மிடம் குறைவாக இருக்கிறது என்பதும் இரண்டு தனி விஷயங்கள். நான் வருத்தப்படுவது இரண்டாவதுக்கு.

மீட்டர் கேஜ் இன்ஜின்களையும் கேட்கிறார்களே?

காட்பாடியில் இருந்து வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் 161 கிலோமீட்டர் தடம் 2010 வாக்கில்தான் அகலப் பாதையாக மாறியது. அதுவரை மீட்டர் கேஜ். கடைசிக் காலத்தில் ஒய்டிஎம்-4 டீசல், அதற்கு முன் ஒய்பி, ஒய்ஜி நீராவி. வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் கரி இன்ஜின் தண்ணீர் பிடித்ததைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதற்குத் தனியாகவே ஒரு கேள்வி பதில் போட வேண்டும்.

வீட்டில் பழைய ரயில் போட்டோக்கள் இருக்கின்றன. எதற்காவது பயன்படுமா?

நிச்சயம் பயன்படும். ரசிகர்கள் எடுத்த படங்களில் இன்ஜின் மட்டும்தான் இருக்கும். குடும்பப் படங்களில்தான் ஸ்டேஷன் பெயர்ப்பலகை, அந்தக் காலத்து பெஞ்ச், டீக்கடை, பின்னால் இன்ஜின் எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். மாமா மெட்ராஸ் கிளம்பும்போது எடுத்த படத்தில் ஓரமாக ஒரு வாம்-4 பாதி தெரிந்தாலும் போதும். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் எடுங்கள். எந்த வருஷம், எந்த ஸ்டேஷன், யார் ஊருக்குப் போனார்கள் என்று தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். எண் படிக்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. மேலே மின்கம்பி இருக்கிறதா, ஹெட்லைட் எந்த உயரத்தில் இருக்கிறது, பெட்டிகளின் நிறம் என்ன என்று பார்த்தே காலத்தை ஓரளவு கணித்துவிடலாம்.